ஆறடி தள்ளி நின்ற வீடு

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த வருஷத்துக் கடைசி. மலாக்கா காஜா பெராங்கில், பள்ளி விடுமுறையில் தொடங்கியது இது.

அப்போது ஊர் முழுக்க ஒரு வேகம். யாரைப் பார்த்தாலும் எதையாவது கட்ட வேண்டும் என்றார்கள். சிலர் சங்கம் கட்டினார்கள், சிலர் வாசகசாலை கட்டினார்கள், ஒன்றும் அகப்படாதவர்கள் மேடை கட்டிப் பேசினார்கள். நானும் திடலில் நின்று 'மெர்டேக்கா' என்று கத்தினவன்தான். கத்தின கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. வீட்டில் எல்லாரும் சில நாள் நிம்மதியாக இருந்தார்கள். நாட்டுக்கும் வீட்டுக்கும் அதுவரை நான் செய்திருந்த சேவை அவ்வளவுதான்.

டிசம்பர் விடுமுறை வந்ததும் எங்கள் பள்ளி மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் ஒன்று சேர்ந்தோம். காஜா பெராங்கில் ஒரு நிலக்காரர் தன் காலி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வசதியில்லாத குடும்பங்களுக்குச் சொற்ப வாடகைக்குக் கொடுத்திருந்தார். நல்ல மனுஷர். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பொங்கலுக்குள் அவரவர் துண்டில் வீடு எழும்பி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தத் துண்டு அடுத்துக் காத்திருக்கும் குடும்பத்துக்குப் போய்விடும். நிலம் கிடைத்தவர்களிடம் வீடு கட்ட ஆள் பலம் இல்லை. எங்களிடம் ஆள் பலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. பொருத்தம் அமைந்துவிட்டது.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமி நம் சாமி, பொட்டு நம் பொட்டு, பேச்சு மட்டும் மலாய். இருந்தாலும் மாமா, மாமி என்று உறவு சொல்லிக் கூப்பிட்டால் அவர்களுக்கும் புரியும், நமக்கும் தித்திக்கும். மாமா லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தவர். ஒருநாள் அடுக்கு சரிந்து ஒரு கால் நசுங்கிவிட, ஊன்றுகோலோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மாமி காலையில் பலகாரம் சுட்டுத் தெருவில் விற்றுத்தான் குடும்பம் ஓடியது. மூன்று பெண் பிள்ளைகள். ஐந்து பேரும் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சமையல்கட்டில் படுத்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

மாமி எங்களிடம் முதல் நாளே ஒன்று சொன்னார். அவர் மலாயில் சொன்னதை நான் நம் தமிழில் தருகிறேன்.

"போகிக்கு நாங்க செத்தவங்களுக்கு இலை போட்டுப் படைப்போம், தம்பி. ரெண்டு வருஷமா அடுத்தவங்க வீட்டு மூலையில போடுறேன். பரிமாறும்போதே அந்த வீட்டுக்காரங்க எப்ப எடுப்பேன்னு பார்த்துக்கிட்டு நிப்பாங்க. இந்த வருஷம் என் வீட்டுல, என் நடுக்கூடத்துல போடணும்."

போட்டுவிடலாம் மாமி என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் குழுத் தலைவன் எங்களுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். ஆறடிக்கு இருப்பான். 'நெட்டை' என்று கூப்பிடுவோம், அவன் காது கேட்காத தூரத்தில். கண்டிப்பான ஆள். சிரித்தால் வேலை கெட்டுவிடும் என்று நம்புகிறவன். நான் அவனுக்கு நேர் எதிர். உயரத்திலும்தான். என் தலை அவன் சட்டைப் பையைத் தாண்டாது.

வீட்டின் சட்டத்தை ஒரு சீனத் தச்சர் வந்து நிறுத்திக் கொடுத்தார். மிச்ச வேலையெல்லாம் நாங்கள். பழைய கிடங்கு ஒன்றை இடித்த பலகை கிடைத்தது, அதைச் சுமந்து வந்தோம். ஆற்றங்கரையிலிருந்து தகரம் வந்தது. முதல் நாள் எனக்கு ஆணி அடிக்கிற வேலை. மத்தியானத்துக்குள் என் இடது கைக் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் பலகை பிடித்தவன் விரலும் அதே நிறத்துக்கு வந்ததும் நெட்டை சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு, தண்ணீர் எடுத்து வருவது, தகரம் ஏற்றும்போது கீழே நின்று 'பார்த்து, பார்த்து' என்று கத்துவது, இவைதான் என் இலாகா. கத்துவதில் எனக்கு இணையே கிடையாது. வேலை செய்கிறவர்கள் அலுக்காமல் இருக்க ஏதாவது கதையளந்துகொண்டே இருப்பேன். ஊன்றுகோலைச் சாத்திவிட்டு மரநிழலில் உட்கார்ந்திருக்கும் மாமா அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

வீடு எழுந்தது. அடிமரங்களை மண்ணில் புதைக்கவில்லை. கல் பாதங்களின் மேல் தூண்கள் நின்றன, அதன் மேல் பலகைத் தளம், ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு. நாங்கள் கட்டினது என்று எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்து தூணைத் தட்டிப் பார்த்தோம். மாமி வாசல் நிலைக்கு மாவிலை கட்ட அளவு பார்த்துவிட்டார். பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. நெட்டையே லேசாகச் சிரித்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத்தான் அடுத்த துண்டுக்காரர் வந்தார்.

அவர் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் சாக்கு ஒன்றை நாலாய் மடித்துப் போட்டிருப்பார். தன் துண்டில் தூண் நிறுத்த இடம் குறித்துப் பார்த்திருக்கிறார். நிலம் குறைந்திருக்கிறது.

"உங்க வீடு ஆறடி என் நெலத்துல நிக்குது தம்பிங்களா," என்றார்.

நெட்டைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாங்கள் அளந்துதான் கட்டியிருந்தோம். அவர் துண்டின் மறுமுனைக் கல்லிலிருந்து பள்ளிக்கூட டேப்பை இரண்டு முறை நீட்டிப் பிடித்தால் வண்டிக்காரர் துண்டு முடிந்து மாமி துண்டு தொடங்கும். பின்னால் கிணற்றுக்கு இடம் வேண்டும் என்று வீட்டை அந்த எல்லையை ஒட்டியே வைத்திருந்தோம். மறுபடி அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டினோம். இம்மி பிசகவில்லை.

"இது விளையாட்டுப் போட்டிக்கு அளக்கிற டேப்புங்க," என்றான் நெட்டை. "தப்பா காட்டாது."

"அப்ப என் நெலம்தான் சுருங்கிப் போச்சா? மழையில நனைஞ்ச சட்டையா அது?"

வாக்குவாதம் முற்றியது. சூட்டைத் தணிக்கலாம் என்று நான் புகுந்தேன். டேப் சரியாகத்தான் இருக்கிறது என்பதை ஒரு நிமிஷத்தில் நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று சொல்லி, நெட்டையைத் தளத்தில் நீட்டிப் படுக்கச் சொன்னேன். பள்ளி டாக்டர் அளந்து அவன் ஆறடி என்று சொன்னது எல்லாருக்கும் தெரியும். டேப் ஆறடி காட்டினால் சண்டை முடிந்தது. வேண்டா வெறுப்பாகப் படுத்தான். குதிகாலில் டேப்பின் நுனி வளையத்தைப் பிடித்து, உச்சந்தலையில் படித்தேன்.

ஒன்பதடி.

மறுபடி படித்தேன். ஒன்பதடிதான்.

மாமிதான் நெட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "உயரமான பையன்தான். ஆனா அவ்வளவு இல்லையே."

டேப்பை விரித்துப் பார்த்தோம். முன்பகுதி நைந்து போனதால் யாரோ மூன்றடியை வெட்டி எறிந்துவிட்டு, நுனி வளையத்தை மறுபடி அழகாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். நுனியில் ஒன்று, இரண்டு, மூன்று கிடையாது. நேராக நாலில் தொடங்கியது. வளையத்தைப் பிடித்துக்கொண்டு மறுநுனியையே பார்க்கிறவர்கள் யாருக்கும் அது கண்ணில் படாது. இரண்டு முறை நீட்டினதில் ஆறடி காணாமல் போயிருந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. அந்த வருஷம் நீளத் தாண்டலில் பள்ளியின் பழைய சாதனையை முறியடித்து, பலகையில் பெயர் எழுதப்பட்டவன் நான். இந்தக் கால்களை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படிப் பறந்தோம் என்று எனக்கே அவ்வப்போது ஆச்சரியமாக இருக்கும். அளந்தது இதே டேப். ஒரே நிமிஷத்தில் வீடும் போச்சு, விருதும் போச்சு.

வண்டிக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் பொங்கல்தான் கெடு. அவர் மனைவி அப்போது மாசமாக இருந்தார். "எனக்கு உங்க மேல கோவம் இல்ல," என்றார். "ஆனா ஆறடியும் என் அடி. விட்டுக்குடுத்தா என் வீட்டுல சமையல்கட்டு இருக்காது. பொங்கலுக்குள்ள எடுத்துடுங்க." அதோடு விஷயம் வண்டிக்காரரோடு நிற்கவில்லை. நிலக்காரருடைய ஆள் வந்து பார்க்கும்போது மாமியின் வீடு மாமியின் துண்டில் நிற்காது. துண்டே போய்விடும்.

பிரித்துக் கட்டலாமா என்று யோசித்தோம். கிடங்குப் பலகை பழசு. ஆணியைப் பிடுங்கினால் பாதி பிளந்துவிடும், மாற்றுப் பலகை கிடையாது. தச்சர் மூவார் ஊருக்கு வேறு வேலையாகப் போய்விட்டார். பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. எங்களுக்குக் கிடைப்பது சாயங்காலங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான். நெட்டை தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவன் அழுதுவிடுவானோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

மாமி பலகாரக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்பது போலக் கேட்டார்.

"இடம் தப்புன்னா தூக்கி வச்சிடுங்களேன்."

நாங்கள் அவரைப் பார்த்தோம். எதை என்று கேட்டான் நெட்டை.

"வீட்டைத்தான். கம்போங்ல தூக்குறாங்களே, நீங்க பார்த்ததில்லையா?"

நாங்கள் டவுன் பிள்ளைகள், கிராமத்து வழக்கம் பார்த்ததில்லை. ஆனால் எதிர்ச் சந்தில் இருந்த மலாய்க்காரர், பாக் சிக் என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், அவருக்குத் தெரிந்திருந்தது. வந்து தூண்களுக்கு இடையில் குனிந்து பார்த்தார். மண்ணில் புதைக்காத தூண் என்பதால் தூக்கலாம் என்றார். தளத்துக்கு அடியில் நீளவாக்கிலும் குறுக்கிலும் பாக்கு மரங்களைக் கட்டி, அதற்கடியில் ஆட்கள் தோள் கொடுக்க வேண்டும். மரமும் கயிறும் அவர் பொறுப்பு. ஆள் எங்கள் பொறுப்பு. எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டதற்கு, "அடியில் எத்தனை பேர் நுழைய முடியுமோ அத்தனை பேர்," என்றார். தூக்க வருகிறவர்களுக்குக் கூலி பேசுவது வழக்கமில்லை, சாப்பாடு போட்டால் போதும். அதை மாமி ஏற்றுக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை தூக்குறோம்," என்றான் நெட்டை, கண்ணைத் திறந்து. குரலில் பழைய கண்டிப்பு திரும்பியிருந்தது. "தூக்கி வச்சிட்டுத்தான் மறுவேலை."

ஆள் சேர்க்க என்னை அனுப்பினார்கள். சைக்கிள் இருந்தது, வாய் இருந்தது. புறப்படும்போது நெட்டை என்னைத் தனியாக அழைத்துச் சொன்னான், "அளவு தப்புன்னு சொல்லித் தொலைக்காதே. பள்ளிக்கூட மானம் போயிடும். மண்ணு சரியில்ல, அதனால தள்ளி வைக்கிறோம்னு சொல்லு."

முதலில் கிளேபாங் போனேன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்களிடம், தலைவன் சொல்லிக்கொடுத்தபடியே மண் சரியில்லை என்று உருக்கமாகச் சொன்னேன். ஒருவர் தலையைத் தூக்காமல் கேட்டார், "ஆறடி தள்ளினா மண்ணு மாறிடுமா?" அவர்கள் வலையைப் பின்னினார்கள். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

அடுத்து புக்கிட் பாரு பக்கம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி முடித்துவிட்டு லயத்து வாசலில் நம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மண் கதையை மறுபடி ஆரம்பித்தேன். பாதியில் ஓர் அக்கா குறுக்கிட்டார்.

"நீங்க எல்லாம் படிச்ச புள்ளைங்கதானே? மண்ணப் பார்க்காமயா கட்டுனீங்க?"

அதற்கு மேல் என்னால் இழுக்க முடியவில்லை. பள்ளிக்கூட மானம் ஏற்கனவே ஆறடி தள்ளித்தான் நிற்கிறது, இனி எங்கே போகப்போகிறது என்று தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட்டேன். டேப், வளையம், நெட்டையைப் படுக்கப் போட்டது, ஒன்பதடி, மாமி சொன்னது, கடைசியில் என் நீளத் தாண்டல் எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே லயத்துக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து எழுந்து போனார்.

"ஒன்பதடிப் புள்ளைக்குப் பொண்ணு எங்கடா தேடுவீங்க," என்றார் அந்த அக்கா.

"அந்த டேப்ப எங்க கங்காணிகிட்டக் குடுத்துடாதீங்க லா. மரத்துக்கு மரம் தூரம் அதிகம்னு நடுவுல இன்னொரு நிரை மரம் நடச் சொல்லுவாரு," என்றார் இன்னொருவர்.

சிரிப்பு அடங்கினதும் மாமியைப் பற்றிச் சொன்னேன். பொங்கல் கெடுவைச் சொன்னேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மண் சரியில்லை என்று சொன்னால் அது மண்ணின் பிரச்சினை. நாங்கள் முட்டாள்கள் என்று சொன்னால் அது மனுஷர்கள் பிரச்சினை. நேரே கிளேபாங்குக்குத் திரும்பிப் போய், மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். என் மலாய் புத்தக மலாய். நீளத் தாண்டலை வார்த்தையில் சொல்லத் தெரியாமல் மணலில் தாண்டியே காட்டினேன். வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அங்கிருந்து புக்கிட் காதில் என்ற ஊருக்குப் போனேன். அதற்குள் கதை நன்றாகத் தேறிவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நெட்டையைப் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் கைவந்துவிட்டது. வீடு வீடாக அதைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சந்து நிறைந்துவிட்டது. லாரியில் வந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள், நடந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி, "எங்கே அந்த ஒன்பதடி?" நெட்டை என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். அவனைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பார்க்கப் போனார்கள். கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றான். பிறகு கூட்டத்தை ஒருமுறை நோட்டம் விட்டான். கணக்குப் போட்டிருப்பான். என்னிடம் வந்து, "இன்னும் யாராவது வரணும்னா போய் என்னைப் பத்திச் சொல்லிட்டு வா," என்றான்.

வண்டிக்காரரும் வந்திருந்தார். "உங்களுக்கு உதவ வரல. என் நெலத்துல கெடக்கிற சாமான அப்புறப்படுத்த வந்திருக்கேன்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு முதல் ஆளாய் அடியில் புகுந்தார்.

புதுப் பாதக் கற்களைச் சரியான இடத்தில் வைத்திருந்தோம். இந்த முறை ஒரு டேப்பை நம்பவில்லை. தச்சுக்கோல், தையல்காரரின் நாடா, பாக் சிக்கின் கயிறு மூன்றும் ஒத்துக்கொண்ட பிறகுதான் கல் வைத்தோம். கதவு, ஜன்னல்களைக் கழற்றிக் கனத்தைக் குறைத்திருந்தோம். தூக்குவதற்குத் தாளம் வேண்டும் என்றார் பாக் சிக். அடியில் இருப்பவனுக்கு முன்னால் நிற்பவனின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. மாமா ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, எதிர்ப்பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு தட்டுக்குக் குனிய வேண்டும், அடுத்த தட்டுக்குத் தோள் கொடுக்க வேண்டும், மூன்றாவதுக்கு எழ வேண்டும். அப்புறம் தட்டுக்கு ஒரு சாண் நகர வேண்டும்.

நானும் அடியில் புகுந்தேன். வண்டிக்காரருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

தகரம் மூன்றாவது முறை ஒலித்தது. வீடு ஒரு தடவை முனகியது. பலகைக்குப் பலகை கிறீச்சிட்டது. பிறகு, நம்பினால் நம்புங்கள், தூண்கள் கல்லைவிட்டு எழும்பின.

இங்கேதான் ஒரு சிக்கல். எல்லாரும் எழுந்ததும் என் தோளில் இருந்த பாக்கு மரமும் எழுந்துவிட்டது. என் தோளுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. எக்கினேன், எட்டவில்லை. இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு, தூக்குவதற்குப் பதிலாகக் கத்தினேன். 'ஏத்து, ஏத்து, விடாதே' என்று என் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"என்னா தம்பி," என்றார் வண்டிக்காரர், பல்லைக் கடித்தபடி. "தூக்குறியா, தொங்குறியா?"

பாதி தூரம் நகர்ந்திருப்போம். பின்னால் கிணற்றுக்குத் தோண்டி அள்ளிப் போட்ட மண் கால்படாமல் மெத்தென்று கிடந்த இடம் அது. எனக்கு முன்னால் இருந்தவரும் பின்னால் இருந்தவரும் ஒரே நேரத்தில் கணுக்கால் வரை புதைந்தார்கள். நான் நின்றது ஒரு பழைய மரவேரின் மேல். அவர்கள் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. பாக்கு மரம் நேராக என் தோளில் வந்து உட்கார்ந்தது.

அந்தக் கனத்தை எனக்கு இன்றைக்கும் விவரிக்கத் தெரியாது. முதலில் மூச்சு நின்றது. பிறகு குரல் நின்றது. கண்ணுக்கு முன்னால் புல்லும் மண்ணும் தவிர எதுவும் இல்லை. நான் உட்கார்ந்தால் அந்த மூலை உட்காரும், அந்த மூலை உட்கார்ந்தால் வீடு சாயும், அடியில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை.

அப்போது தகரச் சத்தம் நின்றது.

அடுத்த தட்டு வரவில்லை. தட்டு வராததால் யாரும் நகரவில்லை. வீடு அந்தரத்தில் அப்படியே நின்றது. முக்காலியில் இருந்த மாமாவுக்கு எங்கள் பக்கம் நடப்பது தெரிய வழியே இல்லை. பிறகுதான் சொன்னார். "உன் சத்தம் திடீர்னு நின்னு போச்சு. ஒரு மாசமா உன்னைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ பேசாம இருந்தா அங்கே ஏதோ சரியில்லைன்னுதான் அர்த்தம்."

இன்னும் ஒரு தட்டு விழுந்திருந்தால் மற்ற மூலைகள் நகர்ந்திருக்கும், எங்கள் மூலை கவிழ்ந்திருக்கும்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். அவர் தோளிலும் மரம் இருந்தது. ஒரு கையை விட்டு, தன் தோள் சாக்கை உருவி, என் தோளுக்கும் மரத்துக்கும் நடுவில் திணித்தார்.

"பேசாத. மூச்ச மட்டும் விடு," என்றார். "நான் இருக்கேன்."

இறக்கி வைக்க முடியாத இடம். இறக்கினால் தூண்கள் புதுமண்ணில் செருகி முறியும். "பலகை, பலகை," என்று நெட்டை எங்கிருந்தோ கத்தினான். மாமியும் மூன்று பெண்களும் மிச்சமிருந்த பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, குனிந்து, எங்கள் கால்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். அதுவரை எல்லாரும் தாங்கிக்கொண்டு நின்றோம். ஒருவர் விடவில்லை. சற்று முன்புவரை நெட்டையைக் கேலி செய்து சிரித்த கிளேபாங் ஆட்களின் மூச்சு எனக்குப் பின்னால் உலைத்துருத்தி மாதிரி கேட்டது. கடைசிப் பலகையைப் போட்டுவிட்டு மாமி தன் கணவரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

தகரம் மறுபடி ஒலித்தது. புதைந்தவர்கள் பலகை மேல் ஏறினார்கள். என் தோளிலிருந்து மரம் எழும்பியது. என் உயரத்துக்காக அன்று ஒருநாள்தான் சாமிக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கொண்டுபோய் இறக்கினால் மூலைத் தூண் ஒன்று கல்லுக்கு வெளியே நிற்கிறது. யாரும் முணுமுணுக்கவில்லை. தோளைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்கள். மறுபடி தூக்கினோம். இந்த முறை எல்லாத் தூணும் கல்லில் உட்கார்ந்தது. பாக் சிக் ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். வண்டிக்காரர் நேராகத் தன் எல்லைக்குப் போய்க் கயிறு பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இப்ப சரி," என்று மட்டும் சொன்னார்.

மாமி போட்ட நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றையும் சம்பலையும் சந்து நெடுக உட்கார்ந்து சாப்பிட்டோம். என்னால் வலது கையைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வண்டிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, வாயைக் கொண்டுபோய் இலையில் வைத்துக்கொள் என்று யோசனை சொன்னார். அப்படித்தான் சாப்பிட்டேன். அதற்கடுத்த நாட்களில் சாயங்காலம் சாயங்காலமாக அவருடைய வீட்டுக்கும் பலகை அடித்துக் கொடுத்தோம். புக்கிட் பாரு தோட்டத்து ஆட்களிலும் பாதிப் பேர் மறுபடி வந்தார்கள். அளக்கிற நேரம் வந்தபோது மட்டும் என்னைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டார்கள்.

நிலக்காரருடைய ஆள் வந்து இரண்டு வீடுகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போனார். அவர் எதுவும் சொல்லாமல் போனதுதான் எங்களுக்குப் பரிசு.

போகி அன்று மாமி நெட்டையையும் என்னையும் வரச் சொல்லியிருந்தார். வாசல் நிலையில் மாவிலை ஆடியது. நடுக்கூடத்தில் இலை போட்டு, போனவர்களுக்குப் பிடித்த பதார்த்தமெல்லாம் பரிமாறி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். வந்து சாப்பிடுகிறவர்களை நாம் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மாமி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவைத் திற என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "புது இடமாச்சே மாமி, வழி தெரிஞ்சு வந்திருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"நீ ஞாயித்துக்கெழம கத்தின கத்தல் மலாக்கா முழுக்கக் கேட்டுச்சு," என்றார் மாமி. "அவங்களுக்கு மட்டும் கேட்டிருக்காதா?"

நெட்டை சத்தமாகச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகளை எடுத்துச் செய்திருக்கிறேன், அவற்றில் பாதியைத் தப்பாகவும் செய்திருக்கிறேன். உதவி கேட்டு யார் வாசலில் போய் நின்றாலும், சொல்லக் கூசுகிற பகுதி எதுவோ அதைத்தான் இன்றுவரை முதலில் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே எழுந்து வருகிறவர்கள், கனம் தோளில் இறங்கிய பிறகும் விட்டுவிட்டுப் போவதில்லை என்பதை அந்த வீட்டுக்கு அடியில் நின்று தெரிந்துகொண்டவன் நான்.